டியூபா வீட்டுச் சலுகை

“புல்லாங்குழல்தான் வேணும்! இந்தக் குண்டுப் பித்தளைய நான் தொடவே மாட்டேன்!”

தீரில் கடை வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வயது. குளிர்கோட்டு, கம்பளித் தொப்பி, பனிச் செருப்பு எல்லாவற்றோடும் தராசில் ஏற்றினாலும், ஒரு சுமாரான சால்மன் மீன் அவளைவிடக் கனமாக இருக்கும்.

“தினம் பேண்டு ரூம்ல அண்ணனுக்காகச் சும்மாதானே காத்துக்கிட்டு இருக்கே? ஒரே ஒருதரம் ஊதிப் பாரு கண்ணு,” என்று கெஞ்சினார் அப்பா ஸ்டைனார்.

கடைக்காரி குன்வோர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பழைய வாத்தியங்களைப் பழுதுபார்த்து விற்பவள். பள்ளி பேண்டின் நிர்வாகக் குழுவிலும் இருப்பவள். டியூபா என்னும் அந்த ராட்சதப் பித்தளை ஊதுகுழலின் பேரைச் சொன்னதும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிய அப்பாக்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள்.

“ஏன்பா ஸ்டைனார், வீட்டுக்குள்ள கப்பல் சங்கு ஊதற மாதிரி இருக்கும், பேச்சே எடுக்காதேன்னு போன வருஷம் கத்தினியே?”

“அது போன வருஷம்.” ஸ்டைனார் குரலைத் தாழ்த்தினார். “உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? டாய்லெட் பேப்பர்!”

குன்வோருக்குப் புரிந்தது. பேண்டில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீடும் மூட்டை மூட்டையாக டாய்லெட் பேப்பர் விற்றுக் குழுவுக்குப் பணம் சேர்த்தாக வேண்டும். மூத்தவன் கிளாரினெட்டில் சேர்ந்த நாளிலிருந்து, ஸ்டைனாரின் கார் தெருவில் திரும்பினால் போதும், ஊரே விளக்கை அணைத்தது. மாமியார் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல் டாக்டர்கூட அவரை வாயைத் திறக்கச் சொல்லப் பயந்தார், திறந்தால் விலை சொல்வாரே என்று. விற்காமல் நிலவறையில் கிடப்பதை உருட்டிவிட்டால் வடதுருவம் வரை போய்த் திரும்பும். இப்போது தீரிலும் சேர்கிறாள். மூட்டை இரட்டிப்பு!

“டியூபாவுக்கு ஆளே கிடைக்கிறதில்லையாம். அதனால டியூபா வீட்டுக்கு இந்த விற்பனையிலேருந்து விடுதலையாமே! நம்பகமான இடத்துலேருந்து வந்த சேதி.”

குன்வோர் வாயைத் திறந்தாள். “அது வந்து ஸ்டைனார்...”

“அப்பா, குளிருது!” என்று வீறிட்டாள் தீரில். “காட்டறத சீக்கிரம் காட்டச் சொல்லுப்பா!”

முதலில் வந்தது நாலு வால்வு வைத்த பளபளா ராட்சசன். விலை அறுபதாயிரம் குரோன். ஸ்டைனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். தீரில் அதன் பின்னால் உட்கார்ந்தாள், ஆளையே காணோம்.

“ஊதற இடம் என் நெத்திக்கு நேரா இருக்கு. நெத்தியால ஊதவா?”

அடுத்தது பிளாஸ்டிக். இலகு, மலிவு. ஸ்டைனாரின் முகம் மலர்ந்தது.

“வாக்குவம் கிளீனர் மாதிரி இருக்கு. எனக்கு வெக்கமா இருக்கும்.”

மூன்றாவது அதைவிட மலிவு. ஸ்டைனார் பர்ஸையே தொட்டுவிட்டார்.

“மூணாவது வால்வு ஒட்டுது. ச்சீ!”

குன்வோர் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கிய வால்வு மேலே வரவே இல்லை. அவள் புருவந்தான் மேலே போனது. “இது எப்படி உனக்கு...”

“அதோ மூலையில குட்டியா ஒண்ணு சாய்ச்சு வெச்சிருக்கீங்களே,” என்று இடைமறித்தாள் தீரில், “அதுவும் இப்படித்தான் அசிங்கமா இருக்கும்.”

அதையும் எடுத்து வந்தாள் குன்வோர். சின்ன உடம்பு, மூன்று வால்வு, இடுப்பில் ஒரு சொட்டை. பன்னிரண்டாயிரம். தீரிலின் மடியில் பூனைபோல உட்கார்ந்துகொண்டது. ஊதும் இடம் நேராக உதட்டுக்கே வந்தது.

கன்னத்தை உப்பி ஊதினாள் தீரில். ஆடு தும்மியதுபோல் ஒரு சத்தம்.

“பாத்தியாப்பா? எனக்கு வராது. புல்லாங்குழல்!”

“வரும் கண்ணு, வரும்! புதன்கிழமைதோறும் ஏலக்காய் பன் வாங்கித் தரேன்.”

“ம்ஹூம்.”

“ரெண்டு பன்!”

“டியூபா வைக்க என் ரூம்ல இடம் இல்ல.”

“அண்ணன் ரூமை எடுத்துக்கோ!”

தூக்குமேடைக்குப் போகிறவள்போல் பெருமூச்சு விட்டாள் தீரில். “சரி. உனக்காகத்தான்.”

மகள் மனசு மாறிவிடப் போகிறதே என்று, மூச்சு விடுவதற்குள் போனில் தட்டிப் பணத்தை அனுப்பிவிட்டார் ஸ்டைனார். பிறகு குன்வோரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நடனமே ஆடியிருப்பார்.

“இனிமே ஒரு ரோல்கூட நான் விக்க வேண்டாம்! மாமியார் வீட்டுக்கு முன்வாசல் வழியாவே போவேன்!”

“ஐயோ, அப்படி ஒரு சலுகையே கிடையாதேப்பா,” என்றாள் குன்வோர். “அதத்தான் சொல்ல வந்தேன், உன் பொண்ணு எங்க பேசவிட்டா? ரெண்டு பிள்ளைன்னா ரெண்டு பங்கு மூட்டை. யாரு சொன்னா உனக்கு?”

ஸ்டைனார் மெதுவாகத் திரும்பினார்.

டியூபாவுக்கு மேலே ஒரு கம்பளித் தொப்பியும் கீழே தாளம் போடும் இரண்டு பனிச் செருப்புகளும் மட்டுமே தெரிந்தன. அந்த நம்பகமான இடம், மே பதினேழு தேசிய தின ஊர்வலப் பாட்டை ஒரு சுரம் பிசகாமல், கடைக் கண்ணாடியெல்லாம் அதிர ஊதிக்கொண்டிருந்தது.