நகர்ந்த கோடு

"ஏனுங்க்கா, பேரன் பேத்தி எடுக்குற வயசுல பொம்மைப் படமா பாக்குறீங்க?"

பக்கத்து வீட்டு ரூபி வாய்விட்டுச் சிரித்தாள். டிவியில் ஜப்பான்காரச் சிறுமி ஒருத்தி, பேசும் நரியின் வாலைப் பிடித்துக்கொண்டு பனிமலையைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"பாஷையாவது புரியுதுங்களா?"

"ஒரு எழவும் புரியல. அழுகையும் சிரிப்பும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான?" என்றாள் மேனகா.

ஒரே சிறுமியின் கதை, நாலு படமாக. முதல் படத்தில் அவள் பல் விழுந்த குழந்தை. நாலாவதில் வளர்ந்து வீட்டைவிட்டே கிளம்பிவிடுகிறாள். மகள் இளவரசிக்கு இந்தப் படங்கள் என்றால் உயிர். "வந்து கூட உக்காரும்மா" என்று கெஞ்சுவாள். அப்போதெல்லாம் மேனகாவுக்கு அடுப்படியில் வேலை இருந்தது.

போன வருஷம் இளவரசி வேற்றுச்சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு, மலைக்குக் கீழே அடிவாரத்தில் குடியேறினாள்.

"அவகிட்ட யாராச்சும் பேசுனீங்கன்னா, நான் இந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன்" என்றுவிட்டார் அவள் அப்பா பெரியநாயகம். மனுஷர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் பெற்ற மனம் பித்தாயிற்றே!

டிவியில் இருப்பது, படம் பார்க்க வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து இளவரசி போட்டுவைத்த இணையக் கணக்கு. அதே கணக்கில் யார் எந்தப் போனில் பார்த்தாலும், பார்த்த இடம்வரை படத்துக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு ஓடியிருக்கும். மேனகா மத்தியானம் கொஞ்சம் பார்த்து நிறுத்துவாள். மறுநாள் வந்தால் கோடு நகர்ந்திருக்கும். நாலு படமும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

அடிவாரத்தில் மகளும் பார்க்கிறாள்! பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் என்ன, சந்தோஷமாகப் படம் பார்க்கிறாளே, அது போதும் என்று மேனகா மனதைத் தேற்றிக்கொண்டாள். போதவில்லைதான். வேறென்ன செய்வாள்?

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஏற்காடு ஏரிக்கரையில் இருக்கும் புருஷனின் கடைக்குக் குடையோடு போனாள். மிளகும் காப்பித்தூளும் வாங்க ஒரு ஈ, காக்கை இல்லை. கல்லாவுக்குப் பின்னால் பெரியநாயகம் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே சிறுமி. அதே நரி.

மனைவியைக் கண்டதும் போனை மறைக்கப் பார்த்தார். அதற்குள் கண் கலங்கிவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லாத புள்ள. இளவரசியும் இதப் பாக்குறா. நான் சாயங்காலம் நிறுத்துற எடத்துல இருந்து, தெனமும் மத்தியானம் கொஞ்சம் பாக்குறா. கோடு நகர்ந்துருது பாரு. கொழந்தை நல்லாத்தான் இருக்கா."

மேனகா குடையை மடக்கிவிட்டுக் கல்லா அருகே வந்தாள்.

"ஏனுங்க... மத்தியானம் பாக்குறது நானுங்க."

"நீயா?"

"சாயங்காலம் பாக்குறது அவதான்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

பெரியநாயகம் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, எம்பொண்ணு எப்படி இருக்கான்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாதா?"

மேனகா குடையை விரித்தாள். "அடிவாரம் போற பஸ் நிக்குதுங்க. போய் அவளையே கேட்டுருவோம்."

கல்லாவைப் பூட்டக்கூட நிற்காமல் பெரியநாயகம் மழையில் இறங்கினார்.