பைபிள் மேல் எட்டுக் கைகள்

பைபிள் என்னிடம் வந்து சேர இன்னும் மூன்று பேர் பாக்கி.

பட்டறைக்குப் பின்னால், வார்ப்பு மணல் குவியலின் நிழலில், சவரிநாதன் அண்ணனோடு சேர்த்து ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். டிபன் கேரியரை ஒருவரும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேறு வேறு வாசலில் நுழைகிறவர்கள். நான் லுத்தரன். தர்மராஜ் சி.எஸ்.ஐ. சவரிநாதன் அண்ணன் கத்தோலிக்கர். அவர் இங்கே வருவது அவருடைய சாமியாருக்குத் தெரியாது. புதன்கிழமை மத்தியானம் மட்டும் எல்லோருக்கும் ஒரே வட்டம், ஒரே ஜெபம். தர்மராஜ் இதை ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆரம்பித்தார். பொன்மலைக்கும் புத்தூருக்கும் சைக்கிள் மிதித்து, வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்க அவருக்கு நாலு வருஷம் பிடித்தது.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வட்டத்தில் சொன்னது வெளியே போகக்கூடாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணன் இங்கேதான் அதைச் சொன்னார். அவர் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர். மேலே கூண்டிலிருந்து பார்த்தால் கீழே நிற்கிற ஆள் புகை மாதிரி தெரிகிறான், எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அழுதோம்.

அடுத்த புதனும் அதையே சொன்னார். போன புதனும் சொன்னார். நாங்களும் சளைக்காமல் அழுதோம்.

போன புதனுக்கு மறுநாள், கிரேனிலிருந்து ஓர் இரும்புப் பாளம் அப்துல் மாலிக்கின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. மாலிக் கீழே நின்று சங்கிலி மாட்டுகிறவர். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த சங்கிலியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் நான் போர்மேன் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

மாலிக்குக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்தக் கூண்டுக்குக் கீழேதான் எனக்கும் வேலை. என் தலையை நினைத்துத்தான் போனேன்.

திங்கட்கிழமை அண்ணனைப் புத்தூரில் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை கூண்டு ஏணியில் வேறு ஆள் ஏறினான். அண்ணனை ஸ்டோரில் நட்டு, போல்ட்டு பிரிக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை தர்மராஜ் வந்ததும் வராததுமாகப் பைபிளை எடுத்தார். சத்தியம் கேட்கவில்லை. சத்தியம் பண்ணக்கூடாது என்று கர்த்தரே சொல்லியிருக்கிறாராம். அதன் மேல் கை வைத்து 'நான் சொல்லவில்லை' என்று சொன்னால் போதுமாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. கை வைக்க முடியாதவர் டிபனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். மறுபடி வரக்கூடாது.

எனக்கு இந்த ஊரில் வேறு மனுஷர் கிடையாது. போன வருஷம் என் மகள் காய்ச்சலில் போனபோது பெட்டியைத் தூக்கியவர்கள் இவர்கள்தான். அண்ணன் தன் கோவிலில் யாரிடமும் மூச்சுவிடாமல் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, குழிக்குள் இறங்கி, அந்தச் சின்னப் பெட்டியைக் கைநீட்டி வாங்கினார். அவரைத்தான் நான் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு பேர். ஒருவர்.

அண்ணன் தலையைக் குனிந்து துண்டின் ஓரத்தைத் திரித்துக்கொண்டிருந்தார்.

பைபிள் வந்தது. எனக்கு முன்னால் வைத்தவரின் கை வேர்வை அட்டையில் காயாமல் இருந்தது. அதன் மேலேயே கையை வைத்தேன்.

நான் சொல்லவில்லை என்றேன். குரல் கொஞ்சம்கூடப் பிசிறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எனக்குப் பிறகு மூன்று பேர் வைத்தார்கள். கடைசியாகத் தர்மராஜ் தானும் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தீங்களா அண்ணே, நம்மள்ல யாரும் இல்ல."

சவரிநாதன் அண்ணன் நிமிர்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ, தெரியாது.

"போர்மேன் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தேங்க. அஞ்சு பிள்ளைங்க, எனக்கு வாய் வரல. அதான் இங்க வந்து மூணு தடவ சொன்னேன், உங்கள்ல ஒருத்தராவது போய்ச் சொல்லிட மாட்டீங்களான்னு. சொன்னவங்க கையைப் பிடிச்சுக்கணும்னுதான் இன்னிக்கு வந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். தர்மராஜின் மடியில் இருந்த பைபிளைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

அண்ணன் டிபனை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்ச தூரத்தில், குழாயடியில், மாலிக் அப்போதுதான் சாப்பாட்டைப் பிரித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் நேராக அவரிடம் போய், அந்த ஈரக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்னவோ சொன்னார். தோள் குலுங்கியது.

"ஐயோ, நான் சொல்லலீங்க அண்ணே" என்று மாலிக் பதறியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

எட்டுப் பேர் சொன்னதையும் அப்படியே நம்பிய சவரிநாதன் அண்ணன், மாலிக் சொன்னதை மட்டும் நம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிபனைத் திறந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.