பின்னால் வந்த பைக்

"லைசென்ஸ்தான் வந்துடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு இந்த எல்லு? தெருவே சிரிக்குது."

கிருபாகரன் காரின் பின்கண்ணாடியிலிருந்த சிவப்பு 'எல்' ஸ்டிக்கரைப் பிய்த்தான். முழுதாக வரவில்லை. எல்லின் கால், அந்தக் கீழ்க்கோடு மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

"கூட வாங்களேன்," என்றாள் அவன் மனைவி ரெஜினா.

"டியூட்டி கீது. உசுரும் வேணும். இன்னிக்குப் பயந்துகினு திரும்பி வந்தேன்னா, வண்டிய வித்துடலாம். திங்கக்கிழம வேலைக்கு பஸ்லயே போ."

புதுப்பட்டினத்திலிருந்து அவளுடைய நெம்மேலி ஆபீஸ் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவதாக ஏற்பாடு. கார் கற்றுக்கொடுத்த ஜஹனாரா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஈ.சி.ஆரில் ஏறியதும் ஓரக் கண்ணாடியில் ஒரு பைக் தெரிந்தது. கறுப்பு ஹெல்மெட், மழைக்கோட்டு. வானத்தில் மேகமே இல்லை.

"ஜஹனாரா, ஒருத்தன் பின்னாடியே வரான்."

"ஸ்லோ பண்ணுக்கா. எவன் வந்தாலும் வழி வுட்டுடு. நம்ம ஒழுங்கா ஓட்டுனா பத்தாது. அடுத்தவன் தப்பு பண்ணுவான்னே வெச்சுக்கணும்."

ரெஜினா வேகத்தைக் குறைத்தாள். அவனும் குறைத்தான். போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். போகவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் நடுவை விட்டு நகரவில்லை.

"குடிச்சிருப்பானோ?"

"குடிச்சா மாதிரி தெரியல. வழி வுட்டா போவணும். இவன் ஏன் போவலன்னு எனக்கே புரியல."

சந்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று குறுக்கே வந்தது. ரெஜினா பிரேக்கை அழுத்திவிட்டு, பின்னால் வருபவன் இடிக்கப் போகிறான் என்று கண்ணாடியைப் பார்த்தாள். பைக் தள்ளியே நின்றது. லாரி அதற்கும் தள்ளி நின்றது.

ரெஜினா மறுபடி காரைக் கிளப்பினாள். "பஸ்ஸே பரவால்ல போலக்கீது."

"சும்மா இரு அக்கா. ஓரம் கட்டு, நான் கேக்கறேன்."

மாமல்லபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்போரம் நிறுத்தினாள். பைக்கும் நின்றது. ஜஹனாரா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"யோவ், பொம்பளைங்க ஓட்டுனா பின்னாடியே வருவியா? ஹெல்மெட்ட கழட்டு."

அவன் கழற்றவில்லை. பைக்கை அவசரமாகத் திருப்பினான்.

ரெஜினா அப்போதுதான் அவன் முதுகைப் பார்த்தாள்.

மழைக்கோட்டின் மேல் ஒரு சிவப்பு எல். அதற்குக் கால் இல்லை.