சரசரக்காத ஜாக்கெட்

மீன் வெட்டினாலே முகத்தைத் திருப்புகிற நடேசலிங்கம், அல்பேர்ட்டாவுக்கு மான் வேட்டைக்குப் போகிறாராம். மனைவி தவமலர் நம்பவில்லை. ஸ்காபரோவில் வேட்டைச் சாமான் விற்கும் கடைக்கு அவளும் கூடவே வந்துவிட்டாள்.

அவர் பச்சைப் புள்ளி ஜாக்கெட் ஒன்றைக் கசக்கிப் பார்த்தார். "தம்பி, இது சரசரக்காதோ?"

"மானுக்கே கேக்காது அங்கிள்," என்றான் கடைக்காரன்.

"இந்த பைனாகுலரில, ரோட்டுக்கு அங்கால வாசல்ல நிக்கிற ஆளின்ர முகம் தெரியுமோ?"

தவமலருக்குச் சுருக்கென்றது. "மான் ஆரின்ர வாசல்லயப்பா நிக்குது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அல்பேர்ட்டாவிலதான், கல்கரியில... பிள்ளையின்ர வாசல்ல."

சொல்லாமல் கலியாணம் கட்டிய மகளின் வாசலை மிதிக்கக் கூடாதென்று அவரிடம் சத்தியம் வாங்கியவளே தவமலர்தான். போன மாதம் அங்கே பேரன் பிறந்திருந்தான்.

"தம்பி, எனக்கும் ஒரு ஜாக்கெட் எடுங்கோ," என்றாள். "பைனாகுலர் ஒண்டே காணும். மாறி மாறிப் பாப்பம்."