ஆறு ரோஜாக்கள்

நியாயம் அறிந்தோரே, எங்கள் பிளாவ்திவ் நகரில் நடந்த கொடுமைக்குச் சாட்சியாக வாருங்கள்!

எங்கள் ஊர் வழக்கப்படி இறந்தவர்க்கே உரிய இரட்டைப்படையில், ஆறு ரோஜாக்களுடன் ஸ்வெதானின் வீட்டுக்கு வந்தாள் அண்டை வீட்டு ஸ்தோயனா.

"தங்கமான மனுஷி உன் பொண்டாட்டி! இனிமே யாரு தம்பி மிளகாய் சுட்டுத் தொக்கு கிண்டுவா?"

"அக்கா, ராத்கா வந்து…" என்றான் ஸ்வெதான்.

"பேசாதே தம்பி, துக்கம் தொண்டையை அடைக்கும்."

உள்ளறையிலிருந்து ராத்காவின் குரல் எழுந்தது: "ஸ்தோயனா, பக்கவாதத்துல காலுதான்டி போச்சு, காது நல்லாவே கேக்குது. ஒரு ரோஜாவை நீயே வச்சுக்க. மிச்ச அஞ்சோட உள்ளே வந்து உக்காரு. எங்கூடப் பேச ஒருத்தரும் வரலை."

ஸ்தோயனா ஸ்வெதானிடம் கிசுகிசுத்தாள்: "பாவம், இன்னும் பேசுறாளே!"

தோழர்களே, உயிரோடிருப்பவர்க்கு இரங்கல் உரைப்பதை நிறுத்துங்கள்! இன்றே அந்த உள்ளறைக்குள் நுழைந்து, நோயாளியின் அருகில் அமர்ந்து, அவரிடமே பேசுங்கள்!