எஞ்சின் எங்கால மூச்சு விடும்?

"இந்த பைக் ஓடேலா. அடுத்த ஆளக் கூப்பிடுங்க."

சிவானுஜா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். தேற்றாத்தீவின் வாவிக்கரை வெட்டையில் அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி. ஓட வந்த பைக்குகளை முன்கூட்டியே பரிசோதிக்கும் பொறுப்பு அவளுடையது. புளியந்தீவில் மோட்டார் திருத்தம் படிப்பிக்கிறவள். இந்த வேலைக்கு ஒரு பெண் வந்தது இதுதான் முதல் தடவை. அதனால் ஓட வந்தவர்களை விட்டுவிட்டுச் சனம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் மிஸ்?" என்றான் கோகுலராஜ். ஐஸ் லொறி ஓட்டுகிறவன். போன வருடம் கடைசி வளைவில் வழுக்கி, முதலிடத்தைக் கோட்டை விட்டவன்.

"பிரீதர் ஹோஸ் எங்க போகுது எண்டு பாருங்க."

குனிந்து பார்த்தான். எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தையும் எண்ணெய் ஆவியையும் வெளியே விடுகிற குழாய் அது. எயார் ஃபில்டர் பெட்டிக்குள் போகவேண்டியது. வேகமாக ஓட்டினால் ஃபில்டர் எண்ணெயில் ஊறி இழுவை குறைகிறது என்று அவனேதான் கழற்றிக் கீழே தொங்கவிட்டிருந்தான். நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் திரண்டு நின்றது.

"அது பின் டயரில விழும். வளைவில நீங்க வழுக்குவீங்க. பின்னால வாறவன் உங்களுக்கு மேல ஏறுவான்."

"ஒரு சொட்டுத்தானே மிஸ்!" என்று குறுக்கிட்டான் பக்கத்து பைக்குக்காரன் முனாப். ஏறாவூரிலிருந்து முதல் தடவையாக ஓட வந்தவன். "மத்த ஆக்களைக் கெதியா விட்டீங்க. இவர மட்டும் போட்டுக் கிண்டுறீங்க!"

"மத்த பைக்கில எண்ணெய் சொட்டல்ல," என்றாள் சிவானுஜா. "இன்னும் நேரமிரிக்கு. திருத்திக்கொண்டு வந்தா பாக்கிறன்."

முனாப் தன் சாமான் பெட்டியிலிருந்து ஒரு துண்டு பெற்றோல் ஹோஸ் கொடுத்தான். கோகுலராஜ் அதை எஞ்சினில் மாட்டி, மறுமுனையை ஒரு வெறும் பிரேக் ஒயில் போத்தலுக்குள் விட்டு, போத்தலை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டு அவளிடம் போனான்.

அவள் போத்தல் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மூடி இறுக்கமா இரிக்கு. எஞ்சின் எங்கால மூச்சு விடும்?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"ஹோசும் நடுவில பள்ளமாத் தொங்குது. அதுக்குள்ள எண்ணெய் தேங்கி அடைச்சா, அழுத்தம் எஞ்சின் ஒயில் சீல்களை வெளிய தள்ளிப்போடும். ஏலா, கொண்டுபோங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முனாப்புக்குத்தான் தாங்க முடியவில்லை.

"அவவுக்கு உன்னில என்ன கோவம் மச்சான்?"

"கோவமெண்டா முகத்தில தெரியும். இது கோவமில்ல."

"நான் போய்த் தலைவரிட்டச் சொல்றன்."

கோகுலராஜ் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். "வேணாம். அவ சொன்னது சரி."

இந்தத் தடவை பெற்றோல் டேங்கையே கழற்றினான். ஹோஸை எஞ்சினிலிருந்து நேரே மேலே எடுத்து, பைக்கின் சட்டத்தை ஒட்டி டேங்குக்குக் கீழே கொண்டுபோய், சீட்டுக்கு அடியில் கட்டிய போத்தலுக்குள் இறக்கினான். எங்கேயும் மடிப்பில்லை, பள்ளமில்லை. மூடியில் துளை போட்டு, தூசி போகாதபடி பஞ்சு வைத்தான். கிளிப் கிழித்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் போய் நின்றான்.

சிவானுஜா குழாயின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். எஞ்சினை முறுக்கச் சொல்லி, மூடித் துளைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தாள். இளஞ்சூடான காற்று கையில் பட்டது. சிரிக்கவில்லை. பைக்கில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினாள்.

"ஓடலாம்."

மணலை வாரி இறைத்துக்கொண்டு ஓட்டம் தொடங்கியது. கடைசிச் சுற்றில் கோகுலராஜுக்கு முன்னால் ஒருவன்தான். வாவிப் பக்கத்து வளைவில் அந்த ஒருவன் வேகத்தைக் குறைத்தான். கோகுலராஜ் குறைக்கவில்லை. பின் டயர் மணலைக் கவ்விப் பிடித்தது. உள்பக்கத்தால் சாய்ந்து முந்தினான். கோட்டைத் தாண்டும்போது அவனுக்கு முன்னால் யாருமில்லை. சனத்தின் கூச்சலில் வாவிக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

பரிசுக்கு முன்னால் தலைவர் கதிர்காமத்தம்பி மைக்கைப் பிடித்தார்.

"வெண்ட பைக்கில ஆருக்கும் சந்தேகமிரிந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. மறுகா கதைக்கப்படாது."

மூன்றாவதாக வந்த முனாப் எழும்பிக் கத்தினான்.

"அந்த மிஸ் இந்தப் பாடு படுத்தி விட்ட பைக்கில ஆருக்குச் சந்தேகம் வரும்?"

சிரிப்போடு சேர்ந்து கைதட்டல் எழுந்தது. அது ஓட்டக்காரனுக்கு மட்டுமல்ல, பரிசோதித்தவளுக்கும்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கோப்பையை வாங்கும்போது கோகுலராஜ் கோப்பையைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சிவானுஜாவைத்தான் பார்த்தான். அவள் சட்டென்று முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து சனம் கலைந்தது. முனாப் கோகுலராஜோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தான். பரிசோதகருக்குரிய மஞ்சள் மேற்சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சிவானுஜா அந்த பைக்கை நோக்கியே நடந்து வந்தாள்.

முனாப் இரண்டு கையையும் விரித்து மறித்தான். "இன்னும் என்ன மிஸ்? இனியாவது இந்த மனிசன விடுங்களன்!"

அவள் அவனை விலத்திக்கொண்டு போய், பைக்கின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மகள் கோல் எடுத்தாள், அப்பா வெண்டுட்டாரா எண்டு," என்று சொல்லிக் கோகுலராஜின் தோளில் கையை வைத்தாள். "நாங்க ரெண்டு பேரும் வெண்டுட்டம் எண்டு சொன்னன்."