எந்தப் பொம்பளை இப்படிப் பேசுவா?

சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்ட தன் நகைச்சுவைத் தொடரைத் திட்டி வந்த அழைப்புகளால் இயக்குநருக்குக் காது புளித்துவிட்டது. போன் மறுபடியும் அடித்தது.

"ஆம்பளைக்குப் பொம்பளை வேஷம் போட்டு வீட்டுக்குள்ள கொண்டாந்து விட்டீங்களே, வெக்கமா இல்ல?" என்று பொரிந்து தள்ளினாள் ஒரு பெண்மணி. "எந்தப் பொம்பளை அப்படிக் கையை வீசிக்கிட்டு நடப்பா?"

"மன்னிச்சிடுங்கம்மா. எல்லாம் அந்த நடிகனால வந்த வினை. நடையை விடுங்க, பொம்பளைக் குரலே அவனுக்கு வரலை. கழுதை மாதிரி கத்துவான். அடுத்த தொடர்லேர்ந்து அவனைத் தூக்கிட்டேன்."

"நிஜமாவா?"

"சத்தியமாம்மா. உங்களை மாதிரி பேசினா, அதுதான் பொம்பளைக் குரல்!"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு, இயக்குநருக்கு நன்றாகப் பழக்கமான ஆண்குரல் கேட்டது.

"அப்ப அடுத்த தொடருக்கு நாளைக்கே வந்துடட்டுமா சார்?"